கேட்காமல் வாசித்த ஓலை

அந்த ஆங்கில நாவலுக்கு அட்டை கிடையாது. மதுரையில் ஆசிரியைப் பயிற்சி முடித்துக் கிளம்பும்போது, விடுதி அலமாரியைக் காலி செய்தவர்கள் என்னிடம் தள்ளிவிட்டார்கள். யுத்த காலம், புதுப் புத்தகம் கண்ணில் படுவதே அபூர்வம். அருப்புக்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அதை நான்கு தடவை படித்துவிட்டேன்.

கதாநாயகியை இரண்டு பேர் கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள். முதலாமவன் பண்ணைக்காரன். வாசலில் நின்றபடியே, அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பால் கறக்க ஆள் இல்லை, நீ வந்தால் தேவலை என்கிறான். இரண்டாமவன் படகோட்டி. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே வரியில் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை வாய் திறக்காமல் நிற்கிறான். யோசிக்க வேண்டும் என்கிறாள். சரி என்று போய்விடுகிறான்.

வாலிபர் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினேன். "பண்ணைக்காரன் தேடுனது பெண்டாட்டியையா, பால்காரியையா?" என்று கேட்டதும் ஒரே சிரிப்பு. "ஆனா அவனையும் நான் மதிக்கிறேன். அவகிட்டயே வந்து கேட்டான். நம்ம ஊர்ல அதுகூட இல்லை" என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

தலைமை வகித்தவர் எங்கள் ஹெட்மாஸ்டர். முந்தின வருஷம் மனைவியை இழந்தவர், நாற்பது தாண்டியவர். முடிவுரையில், "டீச்சர் நல்லாத்தான் பேசுனாக. படகோட்டிக்கு வாக்கப்பட்டா சோத்துக்கு என்ன வழின்னு சொல்லலையே!" என்றார். சிரிப்பு திரும்பி வந்தது.

மறுநாள் ஆராதனையில், பிரசங்கம் முடிந்து ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் இருவர் பெயரையும் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். குருவானவர் ஹெட்மாஸ்டர் பெயரை வாசித்தார். அடுத்து என் பெயரை வாசித்தார். அந்தப் பெயரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "எப்பப் பேசி முடிச்சீக?" என்று கேட்டேன்.

"மூணு வாரமாச்சு. ஏன் முறைக்கிற? நீ குடுத்துவச்சவ."

"அப்ப நேத்துக் கூட்டத்துல அவருக்குத் தெரியும்."

"தெரியாமயா? கூட்டம் முடிஞ்சு போற வழியில இங்கன வந்தாக. புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம், போகப்போகச் சரியாயிரும்னு சொன்னாக."

கல்யாணத்தைவிட அந்த 'சரியாயிரும்' என்னைச் சுட்டது.

திங்கட்கிழமை குருவானவர் வீட்டுக்குப் போனேன். "ஆட்சேபணை சொல்ல வந்திருக்கேன் ஐயா."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணே வந்து சொல்லி நான் பாத்ததில்லம்மா. போயி அப்பாவக் கூட்டிட்டு வா."

அப்பா வருவாரா? இரண்டாவது ஞாயிறும் என் பெயர் வாசிக்கப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று குருவானவர் கேட்டு முடிக்குமுன் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஹெட்மாஸ்டர் என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. இப்பக் கேக்கட்டும். பதில் சொல்றேன்."

"உக்காரு புள்ள!" என்று ஆண்கள் பக்கமிருந்து அப்பா கத்தினார்.

ஹெட்மாஸ்டர் எழுந்தார். என்னைப் பார்க்காமல் குருவானவரைப் பார்த்து, "கோயிலுக்குள்ள இதென்னய்யா கூத்து?" என்றார். "அவுககிட்ட இல்ல சார், எங்கிட்டப் பேசுங்க" என்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "கேட்டாத்தான் என்னவாம், வாயில கொழுக்கட்டையா?" என்றது.

அவர் முகம் கறுத்தது. முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"மாட்டேன்னுதான் சார் சொல்லப்போறேன்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை.

பத்தே நாளில் எனக்குப் பரளச்சிக்கு மாற்றல் வந்தது. ஓட்டைக் கூரை, ஒரே வகுப்பறை, சுற்றிலும் வெடித்துக் கிடக்கும் கரிசல். யார் கைவேலை என்று ஊருக்கே தெரியும். டிரங்குப் பெட்டியைக் கட்டும்போது அப்பா வந்து நின்றார்.

"நாலு சுவத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சபையில என் மானத்த வாங்கிட்டியே."

"நாலு சுவத்துக்குள்ள நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா."

அதற்குப் பிறகு எட்டு மாதமாக அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். பெண்கள் பாயை ஒதுக்கி எனக்கு இடம் விடுவதில்லை. நெருக்கித் தள்ளிக்கொண்டு, முன்வரிசையிலேயே உட்காருகிறேன்.