தங்கச்சி மறந்த வசனம்

வியா மக்வேதா என்ற இத்தாலியத் தெருவில் ஒரு கடை வாசலில் யாரோ கைபேசியில் பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நெட்டையர் கட்டையரை அதட்டினார், பின்னணியில் கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு போதும், கபோச் சந்தைக்கு மேலே இருந்த எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா வேலைசெய்த வீட்டு எசமானியான ஆங்கிலேய சிஞ்ஞோரா கொடுத்த வீடியோ கசற்றுகளில் அந்தத் தொடர் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், யன்னலால் மீன் வாடை வர, அந்த நெட்டையரையும் கட்டையரையும் பார்ப்போம். அப்பாவுக்கு அவர்கள்மேல் உயிர். எனக்கு ஒவ்வொரு வசனமும் மனப்பாடம்.

நத்தார்ப் பண்டிகைக்கு மாதா கோயில் மண்டபத்தில் அதில் ஒரு காட்சியைத் தமிழில் நடிக்க முடிவானது. அப்பாதான் நெட்டையர். கட்டையர் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

"தங்கச்சி செய்யட்டும். நீ திரைக்குப் பின்னாலை நிண்டு வசனம் எடுத்துக் குடு, பிள்ளை."

"அவளுக்கு ஒண்டும் தெரியாதப்பா!"

"ஓம், அதுதான் வேணும்."

மேடையில் தங்கச்சி எல்லாவற்றையும் மறந்து அப்பாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நான் கத்தாத குறை. அவள் அசையவில்லை. மண்டபமே உருண்டு புரண்டு சிரித்தது. அப்பாவும் தன் வசனத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். அவரை நான் அப்படிச் சிரிக்கவைத்ததே இல்லை.

தெருவில் நின்றபடியே அந்தக் காட்சியைத் தேடிப்பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். சிரிப்போடு குரல்பதிவு வந்தது: "எங்கை பிடிச்சனி? அவளுக்கும் அனுப்பு, அவளின்ரை காட்சியெல்லோ!"

கட்டையரின் வசனம் முழுவதையும் நானே பேசிப் பதிவுசெய்து அவருக்கு அனுப்பினேன்.

"எல்லாம் சரியாச் சொல்லிப்போட்டாய், பிள்ளை," என்று குரல்பதிவிலேயே பதில் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.