பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு சாவி

மூன்று வருடங்களுக்கு முன், சிட்னிக்கு மேற்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் வரும் துப்பாக்கி சுடும் தளம் ஒன்றில், இருபது பேர் பார்த்திருக்க நான் குப்புறப் படுத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, தடுக்கி விழவும் இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் உடம்பு தானாகவே தரையில் கிடந்தது. சண்டைக் காலத்தில் வன்னியில் பழகிய பழக்கம். இருபது வருடமாக எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை.

என்னைக் கூட்டிப் போனவள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரத் தோழி. களிமண் தட்டை வானத்தில் எறிந்து சுடும் விளையாட்டில் அவளுக்குப் பைத்தியம். நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடிவந்தாள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. எத்தனை கடல் தாண்டி வந்தும் இன்னும் படுக்க வேண்டுமா? அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

நாலைந்து ஞாயிறு போனபின் அங்கிருந்த சுடும் கழகத்தில் சேர்ந்தேன். பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, விண்ணப்பம், காத்திருப்பு எல்லாம் முடிந்து துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வந்தது. செய்தி எப்படியோ பரவிவிட்டது. கோயில் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவரின் அண்ணர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் காசு குடுத்து வாங்கப்போறீரோ?" என்று கேட்டார்.

"நான் துவக்குக்குப் பயந்து வரேல்லை அண்ணை. அதைப் பிடிச்சிருந்த ஆக்களுக்குப் பயந்துதான் வந்தனான்" என்றேன்.

அவர் பாயாசத்தைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் என்னுடையதையும் குடித்து, கணவருடையதையும் குடித்தேன்.

மீன்பிடிச் சாமானும் விற்கும் துவக்குக் கடைக்குக் கணவர் துணைக்கு வந்தார். பாவம், அவர் தூண்டில்கள் இருந்த பக்கத்திலேயே நின்றார். ஆனாலும் கடைக்காரர் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். லைசென்ஸை மேசையில் வைத்து, படத்தில் இருக்கும் முகம் யாருடையது என்று பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

முதலில் அவர் எடுத்துத் தந்தது பூவேலை செய்த, பளபளக்கும், நீளமான துவக்கு. தோழி முன்பே எச்சரித்திருந்தாள்: அழகைப் பார்க்காதே, கண்ணை மூடித் தோளில் வை, பிறகு கண்ணைத் திற, பார்வை குழலின் மேலே நேராகப் போனால் மட்டும் வாங்கு. சேலையையே தோளில் போட்டுப் பார்க்காமல் வாங்காதவள் நான், துவக்கை விடுவேனா? எட்டுத் துவக்குகளை இறக்க வைத்தேன். பூவேலைக்காரி என் கன்னத்துக்கு எட்டவேயில்லை, கையும் கடுத்தது. கடைசியில், யாரோ பாவித்து விற்ற, பின்கட்டை நீளம் குறைந்த, அலங்காரம் இல்லாத ஒன்று தோளில் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

தோட்டா விஷயத்திலும் தோழி சொன்னதையே கேட்டேன். துவக்கை வாங்க முன், அதற்குரிய தோட்டா பக்கத்தில் இரண்டு கடைகளிலாவது எப்போதும் கிடைக்கிறதா என்று விசாரித்தேன். அபூர்வமான அளவு ஒன்றை வாங்கிவிட்டு ஊரெல்லாம் தோட்டா தேடி அலைந்த ஆட்கள் எங்கள் கழகத்திலேயே இருக்கிறார்கள். குழலில் பொறித்திருந்த அளவையும் பெட்டியில் இருந்த அளவையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். உதைப்புக் குறைந்த வகையில் ஒரேயொரு பெட்டி போதும் என்றேன். துவக்குக்கான அனுமதி வரும்வரை இன்னும் சில கிழமைகள் பொறுத்திருந்து, ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கு முன்பே படுக்கையறை அலுமாரிக்குள் சுவரோடு சேர்த்து இரும்புப் பெட்டகம் ஆணியடித்துப் பொருத்தியாயிற்று. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. வகுப்பில் சொன்னது ஒன்றும் விடவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. சாவிகளைச் சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட், நகைப்பெட்டிச் சாவி, வீட்டுப் பத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை துவக்கு வைத்திருக்கும் விதத்தைப் பரிசோதிக்கப் பொலிஸ் வந்தது, ஓர் ஆணும் ஓர் இளம் பெண்ணும். கதவைத் திறந்து சீருடையைக் கண்டதும் என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. அந்தக் கையின் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. தலையை நிமிர்த்தி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். இருவரும் குனிந்து கயிறு அவிழ்த்தார்கள்.

பெட்டகம் சரி, ஆணிகள் சரி, தோட்டாப் பெட்டி சரி. சாவி எங்கே என்று பொலிஸ்காரர் கேட்டார். நான் சாமி அறைக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையாரைச் சற்றே சாய்த்துக் காட்டினேன். இந்த இடம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவரும் தொடமாட்டார்கள் என்று விளக்கத் தொடங்கினேன்.

சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே ஆங்கிலத்தில் சொன்னாள்: "எல்லாருக்கும் தெரியும் அம்மா. எல்லாச் சாமானும் அங்கதானே இருக்கு."

அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த ஒரு அக்காவின் நினைவு வந்தது. ஒருநாள் வகுப்பில் அவள் உட்காரும் வாங்கில் அவள் இல்லை. சில மாதம் கழித்துத் தெருவோரத்தில் கண்டேன், தோளில் துவக்கு, அதன் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்த உடம்பு. அவளுக்கும் பதினைந்துதான் இருக்கும். பிள்ளைகளின் கைக்குத் துவக்கு போனதைக் கண்ணால் கண்ட நானே, என் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் மூன்று கிழமையாகச் சாவியை வைத்துவிட்டு, தீபமும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொலிஸ்காரர் சத்தம் போடவில்லை. லைசென்ஸ் இல்லாத ஒருவருக்கும் சாவி எட்டக்கூடாது, கணவருக்கும்தான் என்றார். இப்போதே துவக்கைக் கொண்டுபோக முடியும், பிழையைத் திருத்த ஒரு தவணை தருகிறேன், சொல்லாமல் திரும்பி வருவேன் என்றார்.

செய்தி எப்படியோ எட்டி, பின்னேரமே கணவரின் அண்ணர் எனக்குப் போன் எடுத்தார். நான் அப்பவே சொன்னேன், இது கடவுளே காட்டின அறிகுறி, நீர் அதைத் திருப்பிக் குடுத்துவிடும் என்றார். போனை வைத்தபின் கணவரும் மெல்ல, "போதுமப்பா, விட்டிடுவம்" என்றார். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்பவர் இல்லை. அதனால்தான் அது சுட்டது. ஒரு நிமிடம், விட்டுவிடலாமோ என்றுகூட நினைத்தேன். விட்டால் திரும்பவும் குப்புறப் படுத்ததாகத்தானே ஆகும்?

"பிழை விட்டது நான். திருத்திறதும் நான்தான்" என்றேன்.

இரண்டு சாவிகளையும் எடுத்து, தாலிக்கொடியில் சேலைக்குக் குத்தும் ஊசிகள் தொங்கும் இடத்தில் கோத்தேன்.

"அதிலயோ?" என்றார் கணவர், முகம் சுருங்க.

"ஓம். நித்திரையிலயும் என்ர கழுத்தை விட்டுப் போகாதது இது ஒண்டுதான்."

அவர் சாமி அறைக்குள் போய், சாய்ந்திருந்த பிள்ளையாரை நேராக்கிவிட்டு வந்தார். மகளிடம் அன்றிரவு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று விளங்கவில்லை அவளுக்கு. அந்த அக்காவைப் பற்றி முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

பத்தாம் நாள் பொலிஸ் திரும்ப வந்தது. இந்த முறை சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்கள். சாவி எங்கே என்றதும் கொடியை வெளியே இழுத்துக் காட்டினேன். அந்த இளம் பெண் சிரித்துவிட்டு, சரி என்று எழுதிக்கொண்டாள்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வெடி கேட்கும்போது என் உடம்பு ஒருதரம் தரையைத் தேடத்தான் செய்கிறது, ஆனால் மகளின் கைக்கு எட்டாத சாவி கழுத்தில் கிடக்க, யார் என்ன சொன்னாலும் இனி நான் குப்புறப் படுக்கப்போவதில்லை.