உயிலின் மூலையில் நான்கு துளைகள்

கோர்ட் மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு, ஸ்டேப்ளர் பின் அடித்த தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. பின்னோடு கண்ணாடியில் கவிழ்த்தால் மூலை தூக்கிக்கொள்ளும், ஓரத்தில் நிழல் விழும், ஆபீசில் "தெளிவாக இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அதனால் பின்னை நகத்தால் நெம்பி எடுத்து, நகலெடுத்து, பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுப் பின் அடித்துக் கொடுப்பாள். பதினாறு வருடப் பழக்கம். வீட்டில் அவள் பேச்சு என்றைக்கும் எடுபட்டதில்லை. இங்கே மட்டும் கறுப்புக் கோட்டுக்காரர்கள்கூட அவள் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. நர்ஸ் வந்து நின்றாள். வேலைக்கும் போய்க்கொண்டு, படுக்கையில் விழுந்த அப்பாவையும் ஆறு வருடம் பார்த்துக்கொண்டவள். அப்பா குடியிருந்த வீட்டை அவளுக்கே உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். உயில் செல்லும் என்று கோர்ட் சான்று கொடுத்தால்தான் வீடு அவளுக்கு. மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கடையில் நகலெடுத்துத்தான் மனுப் போட்டிருந்தாள்.

"அக்கா, உயில் மூலையில நாலு ஓட்டை இருக்காம். ஒரு பின்னுக்கு ரெண்டுதானே இருக்கணும், நடுத்தாளை நான் மாத்திட்டேன்னு அண்ணனோட வக்கீல் சொல்றாரு. அப்பா கையெழுத்து கடைசித் தாள்ல மட்டும்தான் இருக்கு. சாட்சிக்கு வந்தவங்க அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தாங்களே தவிர, உள்ள எழுதியிருந்ததைப் படிக்கல. நகல் எடுக்கும்போது நீங்க பின்னைக் கழட்டினீங்களா?"

அக்காவுக்குக் கடைதான் கண்முன் வந்தது. கடைக்கு அனுமதி வருடா வருடம் கோர்ட் ஆபீஸ் புதுப்பித்துக் கொடுப்பது. அடுத்த மாதம் கெடு. அசல் உயிலில் கை வைத்தவள் என்று தெரிந்தால் யார் புதுப்பிப்பார்கள்?

"ஐயோ, அசலையெல்லாம் நான் தொடவே மாட்டேன்மா" என்றாள்.

"சரிக்கா. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து வெளிய போயிட்டேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

நாக்குக்கு எலும்பில்லை, புரண்டுவிட்டது. ஆனால் அதன் பிறகு ஒன்பது நாள் அக்கா பட்ட பாடு இருக்கிறதே! ஆபீஸ் பியூன் தண்ணீர் குடிக்க வந்தால்கூட நோட்டீஸ் கொண்டுவருகிறானோ என்று அவன் கையைப் பார்த்தாள். ஒரு விவாகரத்து மனுவில் பக்கங்களை மாற்றி அடுக்கி, திட்டும் வாங்கினாள். "என் கடையா, அவ வீடா?" என்று மனத்துக்குள் தராசு பிடித்துப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் கடைத் தட்டுதான் தாழ்ந்தது. மடியில் கனம் இருந்தது, வழியெல்லாம் பயம்.

வழக்கு வியாழக்கிழமைக்கு வந்தது. அன்று காலை அண்ணனின் வக்கீலே கடைக்கு வந்து, ஒரு வழக்குக் காகிதக் கட்டைக் கண்ணாடி மேல் போட்டார். "சீக்கிரம்மா, ஒரு செட்."

மேலே இருந்தது அந்த உயிலின் நகல். அவளே எடுத்துக் கொடுத்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அசல் மெல்லிய தாள், இருபக்கமும் டைப் அடித்தது. பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க, அடியில் கறுப்பு அட்டை வைத்து எடுத்திருந்தாள். கறுப்பு அட்டை வைத்தால் தாளில் உள்ள ஓட்டையெல்லாம் கறுப்புப் புள்ளியாக அச்சில் விழுந்துவிடும். மூலையைப் பார்த்தாள். இரண்டே புள்ளி. அடுத்த தாளில் இரண்டு. மூன்றாவதிலும் அதே இடத்தில் இரண்டு.

பின்னை அவள் எடுத்த பிறகு, புதுப் பின் அடிக்கும் முன்னால் எடுத்த நகல் அது. அதற்கு முன் யாரும் அந்த உயிலைப் பிரித்ததே இல்லை. மற்ற இரண்டு துளையும் அவள் போட்டவை. இது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வக்கீல் கட்டை வாங்கிக்கொண்டு மேலே போனார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படியேறினாள். பாதியில் ஒரு தடவை திரும்பி இறங்கவும் செய்தாள், பிறகு மறுபடி ஏறினாள்.

மேலே நர்ஸின் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அனுமதி கேட்க, அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். நடந்ததைச் சொன்னாள். நீதிபதி அசலையும், கோர்ட் கோப்பில் இருந்த அவளுடைய நகலையும் பக்கத்தில் வைத்து, லென்ஸ் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"பயந்துட்டேங்க ஐயா. கடை போயிடும்னு."

துளையைப் பற்றி இனி சந்தேகம் இல்லை என்று நீதிபதி எழுதிக்கொண்டார். அசலைப் பிரித்ததற்கு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஆபீஸ் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் எழுதினார்.

கீழே வந்து ஷட்டரைத் தூக்கும்போது நர்ஸ் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. திட்டுவாள் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க தொடலன்னு சொன்னீங்களேக்கா," என்றாள் நர்ஸ், "அப்ப நான்தான் ஞாபகமில்லாம உயிலைப் பிரிச்சு எதையோ பண்ணிட்டேன்னு நெனச்சேன். ஒன்பது நாளா அப்பா போட்டோகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்."