விளக்கம் சொல்லாமல் அனுப்பப்பட்ட ஒருவர்

வாஷிங் மெஷின் ஆடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை மாலை நானும் அம்மாவும் அதைச் சமன் செய்தோம். அம்மா முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் படுத்து இடது காலின் திருகைக் கொஞ்சம் இறக்கினேன்.

"இதுக்குத்தானா இன்ஜினியருக்குப் படிச்சே?"

"கையை விட்றாதம்மா. இன்ஜினியர் நசுங்கிடுவான்."

மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓடவிட்டுப் பார்த்தோம். சிந்தவில்லை. மறுநாள் காலை அம்மா எழவில்லை. இதயம் என்றார்கள்.

அம்மா ஒரு பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஸ்கேன் அறை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அவள் மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றியும் எழுத வேண்டும். அவள் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஏமாற்றியது அவளல்ல. அதை அவரிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் கடைசி வரை அவளை விடவில்லை.

ஆய்வுக்கு வருகிறவர்களின் மோதிரம், சாவி, பெல்ட், ஹேர்பின் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வது அவள் வேலை. உள்ளே இருப்பது பெரிய காந்தம். இரும்பு எதுவும் போகக் கூடாது. பிறகு அவர்களைப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பாள். பயமாக இருந்தால் அழுத்தலாம், வெளியே மணி அடிக்கும். "உங்க மோதிரம் என் பையிலதான் இருக்கு. நானும் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போயிட மாட்டேன்." குழாய்க்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள்கூட அந்தப் பேச்சுக்குப் படுத்துவிடுவார்கள்.

அந்த முகம்தான் ஆய்வுக்குத் தேவைப்பட்டது.

நடத்தியவர்கள் இருவர். மூளை நரம்பியல் பேராசிரியர் ஒருவர். அம்மாவின் வாயில் அவர் காந்த டாக்டர். இன்னொருவர் தத்துவத் துறைப் பேராசிரியை. அவர் சந்தேக மேடம். "காபி சூடா இருக்கு மேடம்னு சொன்னாக்கூட, எதை வெச்சு சொல்றீங்கன்னு கேப்பாங்கடா" என்பாள் அம்மா.

மேடத்தின் கேள்வியை அம்மா எனக்கு இப்படிச் சொன்னாள்: "நாற்காலி உடைஞ்சா எரிச்சல் வருது. கூடப் பொறந்தவ கைவிட்டா மனசு நோகுது. ரெண்டுக்குமே நம்பி ஏமாந்தேன்னுதான் சொல்றோம். மூளைக்குள்ள ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்கறாங்க."

படுத்திருப்பவருக்குத் திரையில் இரண்டு பெட்டிகள் தெரியும். ஒன்றில் பந்து இருக்கும். எதில் என்று ஒரு குறிப்பு வரும். குறிப்புத் தருவது கணினி என்று பாதிப் பேரிடம் சொன்னார்கள். விடை தெரிந்த அம்மாதான் வெளியிலிருந்து தருகிறாள் என்று மீதிப் பேரிடம் சொன்னார்கள். உண்மையில் எல்லாக் குறிப்பும் கணினி தருவதுதான். முதலில் சரியாக வரும். போகப் போக வேண்டுமென்றே தவறும். அம்மாவுக்கு முன்னால் ஒரு விசைப்பலகை வைத்திருந்தார்கள். அதன் ஒயர் எதிலும் செருகப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் சரியான விடையையே அழுத்தினாள்.

"சும்மா எதையாவது அழுத்து. யாரு பாக்கப் போறாங்க?" என்றேன் ஒருநாள்.

"நான் பாக்கறேனே."

ஸ்கேன் முடிந்ததும் சந்தேக மேடம் அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் நடந்ததை விளக்குவார். அதுவரை அம்மா வாயைத் திறக்கக் கூடாது. விளக்கியான பிறகு கூப்பிடுவார்கள். அம்மா டீயுடன் உள்ளே போவாள். அவளுக்கு அந்த வேலையிலேயே பிடித்த கட்டம் அதுதான். ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "படுத்துக்கிட்டே உங்களை என்னென்னவோ திட்டிட்டேங்க" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அந்த மனிதர் மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் பழுது பார்க்கிறவர். "நான் இரும்பைத் தொட்டே பொழைக்கிறவன். என்னை மொத்தமா இழுத்துக்கப் போவுது" என்று வேடிக்கை பேசியபடியே மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "உங்க வீட்டு மிக்சி கெட்டா எடுத்துக்கிட்டு வாங்க. பஸ் நிலையத்துக்குப் பின்னாடிதான் கடை" என்றும் சொன்னார். குறிப்பு அம்மாவிடமிருந்து வருவதாக நம்பவைக்கப்பட்ட பாதியில் அவர் ஒருவர்.

அன்று மேடத்துக்குக் காய்ச்சல். டாக்டர் விளக்கிவிடுவார் என்று மேடம் இருந்துவிட்டார். மேடம் தன் மாணவரை அனுப்பியிருப்பார் என்று டாக்டர் அடுத்த ஸ்கேனைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் கையை நீட்டினார். மோதிரத்தைக் கொடுத்தாள். அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன்னுடையதுதானா என்று.

"நல்லாத்தான் பேசினீங்க" என்றார். போய்விட்டார்.

பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்வது அவள் வேலை இல்லை என்பது விதி. விதிக்குக் கட்டுப்பட்டு நின்றாள். நின்றதைத்தான் அவளால் தனக்கே மன்னிக்க முடியவில்லை.

தவறு தெரிந்ததும் ஆய்வுக்கூடம் இரண்டு முறை அவரைக் கூப்பிட்டது. அவர் வரவில்லை. அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது என்று நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது. அம்மா டாக்டரிடம் போய் நின்றாள்.

"கடை எனக்குத் தெரியும் சார். ஒரே ஒரு வார்த்தை."

"ஆய்வுல தெரிஞ்சுக்கிட்டதை வெச்சு நாமளா ஒருத்தரைத் தேடிப் போகக் கூடாதும்மா. நம்ம ரகசியம் காப்பாங்கன்னுதானே வர்றாங்க. அதுவும் நம்பிக்கைதான்."

அவர் சொன்னதில் தவறில்லை. அம்மாவும் ஒப்புக்கொண்டாள். ஆனால் வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"தப்பா சொன்னது மெஷின்தானேம்மா."

"மெஷின்தான். என் முகத்தை வெச்சுல்ல சொன்னுச்சு."

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆய்வுக்கூடத்து ஆளாகப் போகத்தான் தடை; சாமான் பழுது பார்க்கப் போகிற பெண்ணை யார் தடுக்க முடியும்? கஷ்டம் என்னவென்றால், எங்கள் வீட்டில் எதுவும் கெடவில்லை. கெட்டால் நான் விடுவதில்லை. அதனால் இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, நான் இல்லாத நேரத்தில், என்னுடைய ஸ்குரூ டிரைவரை எடுத்து இஸ்திரிப் பெட்டியைத் திறந்து ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். அன்று மாலை அவளே சொன்னாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைத் திறந்தார்.

"ஒயர் தானா கழண்டு வரலைங்க இது. யாரோ கழட்டியிருக்காங்க."

"என் பையன். எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பான்."

"என்ன பண்றாரு?"

"இன்ஜினியர்."

"அப்பச் சரி."

வேறு வேலை நிறைய இருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்றார். ஒரு டோக்கனை எடுத்து மேசையில் வைத்தார். "தொலைச்சிடாதீங்க. டோக்கன் இருந்தாத்தான் பொருள். முகத்தைப் பாத்து எடுத்துக் குடுக்கற பழக்கத்தை விட்டுட்டேன்."

தன்னை அடையாளம் கண்டுதான் சொன்னாரா, வருகிற எல்லோரிடமும் சொல்வதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் நினைத்து வைத்திருந்த பேச்சை எடுக்கவே இல்லை. டோக்கனை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பழியை என் தலையில் போட்டதைக் கேட்டு நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு அவரை ஏமாத்தினது மெஷின்" என்றாள். "இப்ப நானேதான். அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பொய் சொன்னேன்டா. நல்லா வந்துச்சு."

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு சந்தேக மேடம் வந்தார். அம்மா சொன்னதைவிட வயதானவராக இருந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அவர்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"இல்லை."

"அன்னிக்குக் காய்ச்சலோடயே நான் வந்திருக்கணும்." பிறகு, "ஆய்வு முடிவுல அவர் ஒரு புள்ளி. கணக்குல சேத்துட்டோம்" என்றார்.

எனக்கும் புள்ளிகளைக் கணக்கில் சேர்ப்பதுதான் தொழில்.

எழாமல் போன அந்த வியாழக்கிழமை அம்மா பத்து மணி பஸ்ஸில் கடைக்குப் போவதாக இருந்தாள். விசைப்பலகையைப் பற்றி முதலில், தானே கழற்றிய ஒயரைப் பற்றிப் பிறகு என்று வரிசைகூட முடிவு செய்திருந்தாள். இரண்டையும் சொல்லிவிட்டு, திட்டினால் கேட்டுக்கொண்டு, பெட்டியை வாங்கிவர வேண்டும். டோக்கன் அவள் கைப்பையில் இருக்கிறது. பெட்டி கடையில் இருக்கிறது.