தேனு விழுங்கிய சுடர்

“அப்பா என் வாயில் நெருப்பு வைத்தார்” என்று எங்கள் தேனு வகுப்பில் சொல்லிவிட்டாள். ஆறு வயது. டொராண்டோவில், பிள்ளையார் நோன்புக்கு மறுநாள்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்து நோன்பு அது. புதுத்துணியில் எடுத்த இருபத்தோரு நூலைத் திரித்து, மாவில் பிடித்த பிள்ளையாரில் செருகி, வீட்டில் பெரியவர் ஏற்றிக் கொடுக்க, சுடரோடு விழுங்குகிறோம். அதற்கு இழை என்று பேர். வாயை மூடியதும் அணைந்துவிடும். இதைக் காரைக்குடியில் சொன்னால், “எத்தனை இழை எடுத்தீக?” என்பார்கள். இங்கே சொன்னால் குழந்தைகள் நல அதிகாரிகளைக் கூப்பிடுவார்கள்.

பள்ளியில் கூப்பிட்டும் விட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு வருவோம், குழந்தையைத் தனியாக விசாரிப்போம் என்று போன் வந்தது. பிள்ளையைப் பிரித்து வேறு வீட்டில் வைத்த கதையெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வரும்.

குழந்தை கற்பனையாகச் சொல்கிறாள் என்று சமாளித்துவிடலாம் என்றார் என் கணவர். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

“இன்னைக்கு அவளைப் பொய்க்காரியாக்குனீகன்னா, நாளைக்கு நெசமாவே அவளுக்கு ஒண்ணுன்னா யாரு நம்புவாக?”

காரைக்குடிக்குப் போன் போட்டு அழுதேன். என்னைப் பெற்ற அப்பச்சி உடனே பிள்ளையார்பட்டி கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். “பிள்ளையாரப்பா, உன்னை விழுங்கித்தானே இருக்கோம். உள்ளே இருந்து நீயே பேசு” என்று கேட்டேன்.

வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தேனுவோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அப்புறம் வெளியே வந்து, என்ன நடந்தது என்று என் கணவரைக் கேட்டார். இவர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் சாமி அலமாரியைப் பார்த்தேன்.

“குழந்தை சொன்னது உண்மைதான்” என்றார்.

மீதியிருந்த நூலைத் திரித்து, மாவில் செருகி, அதிகாரியின் கண்ணெதிரே ஏற்றி விழுங்கியும் காட்டினார். அதிகாரி தேனுவின் வாயைத் திறந்து பார்த்தார். சூடு பட்ட தடமே இல்லை. மறைத்திருந்தால் விஷயம் வேறு மாதிரிப் போயிருக்கும் என்றார். இவள் கொஞ்சம் வளரும் வரை சுடரை அணைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாளில், விசாரணை முடிந்தது என்று போன் வந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டோம்.

இவர் வாயில் அந்த உண்மையை வைத்தது பிள்ளையார்தான். வேறு யார்?

அதுவரை நாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் நோன்பு கும்பிடுவோம். இப்போது தேனுவின் ஆசிரியையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். போன நோன்பில் ஆசிரியை ஓர் இழை கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கும் அணைத்துத்தான் கொடுத்தோம்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்மவர்களே, உங்கள் பயத்தைப் பிள்ளையாரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, போய்க் கதவைத் திறங்கள்.