என் கணவருக்குக் கேட்ட செலோ

முப்பது வருடம் நெல் ஆலை நடத்தியதில் என் கணவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் உரத்துப் பேசப் பழகினோம். அவரோ பேச்சையே குறைத்துக்கொண்டார். மகன் வாங்கிக் கொடுத்த காது மெஷினை இரண்டு நாள் போட்டார். "தகரத்தச் சுரண்டுற மாதிரி இருக்கு" என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். தினமும் கொஞ்ச நேரம் போட்டால்தான் பழகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

என்னோடு கல்முனையில் படிப்பித்த மெதடிஸ்த கிறிஸ்தவ டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சங்கீத டீச்சர்.

"செலோவக் கேக்கக் குடுத்துப் பாருங்க. வயலினவிடப் பெரிசு. ஆம்புளக் குரல் மாதிரித் தணிவா இருக்கும்" என்றார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஜெர்மன்காரர் ஒருவர் செலோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய இசை. அதை வேறு வேறு ஆட்கள் வாசித்த மூன்று ஒலிப்பதிவுகளை டீச்சர் பென்டிரைவில் போட்டுத் தந்தார்.

எங்கள் வீட்டில் இசை கேட்கும் வழக்கம் இல்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அவர் தேத்தண்ணீர் குடிக்கும்போது, மெஷினைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லிவிட்டு, தயங்கித்தான் அந்த இசையைப் போட்டேன்.

சற்றுப் பொறுத்து, "இது கேக்குது புள்ள. ஆரோ தனக்குள்ள கதைக்கிற மாதிரி" என்றார்.

"பியானோ கேக்குதா?"

"அடியில கேக்குது. மேல போனா இல்ல."

பியானோ மேலேறும் இடங்களில் அவர் கையில் விரலால் தட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். முதல் பதிவை "அவசரக்காரன்" என்று ஒதுக்கினார். இரண்டாவதில் பியானோ செலோவை மூடியது. மூன்றாவதில் பியானோ வாசித்தது ஒரு பெண். செலோ மூச்சு வாங்கும் இடங்களில் அந்தப் பெண் பொறுத்திருப்பார். என் கணவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

மெஷின் போடும் நேரம் அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலமானது. பிறகு மெஷினோடே கடைக்குப் போனார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, குத்பாப் பிரசங்கத்தில் பாதி விளங்கியது என்றார்.

அடுத்த வாரம் நான் வழக்கம்போல் அவர் கையைத் தொட்டேன்.

"கைய எடு புள்ள. நான் கேட்டுப் பாக்கன்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பியானோ மேல போறது வருகுதா?"

"ஒண்டு ரெண்டு வருகுது."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், இசை முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.