சாம்பல் இல்லாமல் விதைத்த சவுக்கு

அன்று மணப்பட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் அண்ணி, சவுக்குக் கன்றுக்காக அண்ணனிடம் முன்பணம் கொடுத்திருந்த பண்டசோழநல்லூர் நிலக்காரர். அண்ணன் இல்லை. குளிர்காய்ச்சலில் அவர் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. பாகூர் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் சாவைப் பதிந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன்.

அவர் பறித்துப் பாயில் பரப்பிவிட்டுப் போன சவுக்குக் காய்கள் வெயிலில் வாய் பிளந்துகொண்டிருந்தன. குனிந்தால் சன்னமாக ஒரு சத்தம். அண்ணன் விரல் சொடுக்குவதுபோல இருந்தது.

"இன்னாடா, கன்னு குடுப்பியா, பணத்தக் குடுப்பியா? உங்கண்ணன் மேலேர்ந்து எறங்கி வந்து நாத்து வுடுவானா?" என்றார் நிலக்காரர்.

"நான் வுடறேங்க" என்றேன். முன்பணம் முழுவதும் வைத்தியத்துக்கும் சாவுக்கும் கரைந்திருந்தது.

சவுக்கு விதை தவிடு மாதிரி, இறக்கை வைத்தது. அடுப்புச் சாம்பலில் பிசறித்தான் தூவுவோம். இல்லாவிட்டால் எறும்பு ஒன்றையும் விடாது. ஆனால் எங்கள் வகையறாவில் கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. சோறு தாய்மாமன் வீட்டிலிருந்து வரும். இருந்த சாம்பலையும் சாவன்றே வாரிக் கொட்டியாயிற்று. அக்கம்பக்கத்தில் தரமாட்டார்கள், தீட்டு.

"கருமாதி ஆவட்டும் தம்பி. வெத எங்க ஓடிடப் போவுது?" என்றாள் அண்ணி.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். யோசிப்பதற்கு முன்னால் பயம் வந்துவிடும். காற்று அள்ளிப் போய்விடும், விதை செத்துவிடும், அந்த ஆள் மறுபடி வந்துவிடுவார். வெறும் மணலில் கலந்து தூவிவிட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எறும்புச் சாரி விதைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்சுவர்ப் பொந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் படுத்துக் கிடந்த அறையின் சுவர் அது. வெந்நீர் ஊற்றலாமென்றால் அடுப்பு இல்லை.

பாத்தியில் ஒன்றும் முளைக்கவில்லை. சில வாரம் கழித்து அந்தச் சுவரோரம் பச்சை ஊசிபோல ஒன்றே ஒன்று நின்றது. பிடுங்கப் போனேன். அண்ணி கையைத் தட்டிவிட்டாள்.

"அத்தத் தொடாத. வூட்ட வுட்டுப் போவ மனசில்லாம நிக்கிது."

இப்போது அது கூரையைத் தாண்டிவிட்டது. காற்று வந்தால், காய்ச்சலில் அவர் முனகியது அப்படியே கேட்கிறது. அண்ணி கஞ்சியை ஆற்றிக்கொண்டே "தோ வரேன்" என்கிறாள். நானும் சில நாள் எழுந்து போயிருக்கிறேன்.

போன வாரம் நிலக்காரர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணி எறைக்கிற ஏத்தக் கழிக்கு ஆவும். வெட்டிக் குடு, மீதிக் கணக்க அடிச்சுடறேன்."

அண்ணி மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் கத்தியை எடுக்கவில்லை. அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் கட்டிவருகிறேன். இன்னும் தரவேண்டியது பதினோரு ரூபாய்.